பாதி உரிச்ச வாகை

மார்ச் 4, புதன்

ஆடு கத்துது. விடிஞ்சதிலிருந்து கத்துது. காய்ந்த சோளத்தட்டையைப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்க்கிறது. அதுக்கு வேண்டியது தழை. தழை எங்கே இருக்குன்னு அதுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் போக மாட்டேன்.

மகள் போன் பண்ணி, "எழுதறியாம்மா?" என்றாள். எழுதறேன்னு சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். "நீ யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேங்கறே, பேப்பர்லயாவது கொட்டு" என்று அவளுடைய தையல் கம்பெனியில் கொடுத்த டைரியை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் படிச்சது அஞ்சாவது. எழுத்து கோணல்மாணலாத்தான் வரும். வந்துட்டுப் போகட்டும். படிக்கப் போறது நான் ஒருத்திதானே.

என்னத்தைக் கொட்டறது? கொட்டறதுக்கு உள்ளே ஏதாவது இருக்கணும்ல.

மார்ச் 7, சனி

சோளத்துக்குத் தண்ணீர் கட்டினேன். கிணற்றிலிருந்து நேராகப் போனால் வாகை மரத்தடி வழியாகத்தான் போகணும். நான் கொழுந்தன் நிலத்துக்குள் இறங்கி, சுற்றிக்கொண்டு போனேன். அவன் மம்மட்டியோடு நின்று பார்த்தான். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அரை டிரவுசர் போட்டுக்கொண்டு மூக்கு ஒழுக நின்றவன். இப்போ அவனுக்கும் காதோரம் நரை.

என் வீட்டுக்காரர் அந்த வாகையிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தது ஜனவரியில். எழுதிவிடுகிறேன், ஒரு தடவை எழுதிவிட்டால் அப்புறம் எழுத வேண்டியதில்லை.

மரம் எங்களுதுதான். நடு வரப்பில் எங்க பக்கம் தானா முளைச்சதை அவர் விட்டு வளர்த்தார். ஆனா வாகை மாதிரி மரத்துல கிளை வெட்டணும்னா பாரஸ்ட் ஆபீசில் எழுதிக் கொடுக்கணும். அவங்க வந்து பார்க்கணும், மேலிடத்துக்கு அனுப்பணும், கையெழுத்து வரணும். அது வர்றதுக்குள்ள ஆடு செத்து அது மேல புல் முளைச்சிடும். அதனால் எல்லாரும் செய்கிற மாதிரிதான் அவரும். வெளிச்சம் மங்கினதும் ஏறுவார், அவசரமாக நாலு கிளை, இறங்கிவிடுவார். அன்னைக்குக் கொழுந்தன் கீழே நின்று தழையை அள்ளிக்கொண்டிருந்தான். "கால் வழுக்கிடுச்சு அண்ணி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மார்ச் 11, புதன்

களை எடுக்க ஓரகத்தி வந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி. குனிந்ததும் முதல் வேலையாக ஒரு வாகைக் கன்றைப் பிடுங்கி வரப்பில் எறிந்தாள். அது அவள் தப்பில்லை, கை அப்படிப் பழகிவிட்டது. எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான். களையைக் கூட அப்புறம் எடுப்பாங்க, மரக்கன்று கண்ணில் பட்டால் முதலில் அதைத்தான். முழங்கால் உயரம் தாண்டிவிட்டால் அது பாரஸ்ட்காரரோடது. நம்ம நிலத்தில் நின்றுகொண்டு, நம்ம தண்ணியைக் குடித்துக்கொண்டு, அவருக்கு வளரும்.

இவர் மட்டும் பிடுங்க மாட்டார். ஊரே சிரிக்கும். "சம்பளம் வாங்காம சர்க்காருக்கு வேலை பார்க்கிற ஆளு" என்று டீக்கடையில் அவருக்குப் பேரே வைத்திருந்தார்கள். அவரும் சிரிப்பார். "மரத்தடி மண்ணைக் கையில எடுத்துப் பாருங்கடா, உங்க வீட்டு மாவு மாதிரி இருக்கும்" என்பார். மேற்கு வரப்பு முழுக்க ஒரு வரிசை அப்படி விட்டு வளர்த்ததுதான்.

ஓரகத்தி இன்னும் ரெண்டு பிடுங்கினாள். தடுக்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. தடுக்கவில்லை. போகட்டும், எல்லாம் போகட்டும்னு இருந்துச்சு.

மார்ச் 15, ஞாயிறு

கொழுந்தன் வந்தான். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினான்.

"அண்ணி, அந்த மரத்தை எடுத்துடலாம்."

"எப்படிடா எடுப்பே? பாரஸ்ட்காரர் கையைப் பிடிப்பாரு."

"உயிரோட இருந்தாத்தான் அது அவரு மரம். காஞ்சா வெறும் விறகு, அதுக்கு அனுமதி கினுமதி ஒண்ணும் வேண்டாம். அடியில பட்டையைச் சுத்தி ஒரு முழம் உரிச்சுவிட்டாப் போதும். மேல சேத்தைப் பூசி சாக்கைக் கட்டிடணும். கேட்டா ஆடு கடிக்குதுன்னு சொல்லணும். ஒரு பருவத்துல தானா காஞ்சிடும்."

"நீ செய்யறியா?"

அவன் தரையைப் பார்த்தான். "என்னால அதுகிட்டப் போக முடியாது அண்ணி."

என்னால மட்டும் முடியுமா? கேட்கவில்லை. செய்யறேன் என்றேன். ஏன் சொன்னேன்? அவரைத் தூக்கிப்போட்ட மரம் தளதளன்னு நிற்கிறதைத் தினமும் பார்க்கணுமா நான்?

மார்ச் 18, புதன்

உரித்துவிட்டேன்.

அரிவாளைத் தீட்டிக்கொண்டு, ஆட்டைக் கட்டப் போகிறவள் மாதிரி போனேன். முதல் வெட்டு விழுந்ததும் நின்றுவிட்டேன். உள்ளே அவ்வளவு ஈரம். பட்டை வெளியே கல்லு மாதிரி இருக்கு, உள்ளே குளிச்சிட்டு வந்த பிள்ளை உடம்பு மாதிரி. விரலை வைத்துப் பார்த்தேன். சில்லுன்னு இருந்தது. அப்புறம் கோபம் வந்துவிட்டது, எது மேல என்று தெரியவில்லை, கடகடவென்று உரித்தேன்.

பின்பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு மீந்துவிட்டது. அரிவாள் மழுங்கிப்போச்சா, கை ஓய்ஞ்சுபோச்சா, இல்லை நான்தான் விட்டேனா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். தெரியலை. சேறு பூசி சாக்கைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கொழுந்தன் வேலி ஓரமாக நின்று கேட்டான், "முடிஞ்சுதா அண்ணி?" முடிஞ்சுதுன்னு சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 29, ஞாயிறு

தளிர் விட்டிருக்கு. பச்சை பச்சையா, சின்னச் சின்னதா. காய்கிற மரம் தளிர் விடுமா? அதுக்கே தெரியலையா?

நானும்தான் காலையில் எழுந்து டீ ரெண்டு டம்ளர் போடுகிறேன்.

ஏப்ரல் 6, திங்கள்

கூட்டுறவுக் கட்டடத்தில் மீட்டிங், எல்லா நிலக்காரர்களும் வரணும்னு மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். அவர் பேரில் வந்த சீட்டு. நான் போனேன். பெண்கள் நாலே பேர், கடைசி பெஞ்சு.

பேச வந்தது ஒரு சின்னப் பெண். மர அதிகாரியாம். ஸ்கூட்டரில் வந்து இறங்கியவள் பேசி முடிக்கிற வரைக்கும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை, கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டாள். பின்னால் ஒருத்தர், "நம்ம ஊர்ல மரம் தலையில விழும்னு யாரோ சொல்லியிருக்காங்க போல" என்றார். சிரிப்பு. அவளும் சிரித்துவிட்டு, "பக்கிள் மாட்டிக்கிச்சுங்க, யாராவது கழட்டிவிட்டா புண்ணியம்" என்றாள். கடைசியில் டீக்கடைக்காரர் கத்தியை வைத்து நெம்பிக் கழற்றினார்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். சட்டம் மாறிவிட்டது. நம்ம நிலத்தில் நிற்கிற மரம் இனிமேல் நம்மளுது. பதிவு பண்ணிக்கொண்டால் போதும். அப்புறம் கிளை வெட்டலாம், மரத்தையே வெட்டி விற்கலாம், வேற வைக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். வெட்டினவனுக்கு அபராதம் போட்டுப் போட்டு ஊரே கன்றிலேயே பிடுங்கிப் போட்டுவிட்டது, மரம் குறைஞ்சதுதான் மிச்சம், அதனால இப்படி என்றாள். ஆனா உயிருள்ள மரம்தான் பதிவாகும், காய்ந்தது ஆகாது. வரப்பில் நிற்கிற மரமாக இருந்தால் பக்கத்து நிலக்காரர் 'இது இவங்களோடதுதான்' என்று கையெழுத்துப் போடணும்.

"நம்ம மரம் நம்மளுதுன்னு சொல்றதுக்கா மேடம் இத்தனை வருஷம்?" என்று ஒருத்தர் கேட்டார். மறுபடி சிரிப்பு.

நான் எழுந்து நின்றேன். கூட்டத்தில் நான் எழுந்து பேசினது இதுதான் முதல் தடவை. "எப்போலேர்ந்து?" என்று கேட்டேன்.

"பிப்ரவரி மாசத்திலேர்ந்தும்மா."

உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பிப்ரவரி. அவர் ஜனவரி.

ஏப்ரல் 9, வியாழன்

யார் மேல கோபப்படறது?

மரம் மேலன்னுதான் இவ்வளவு நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். பட்டப்பகல்ல ஏறியிருந்தா அவர் விழுந்திருப்பாரா? எந்தக் கிளை வழுக்கும், எது தாங்கும்னு அவருக்கு அத்துப்படி. வெளிச்சம்தான் இல்லை. வெளிச்சம் இல்லாம ஏற வெச்சது யாரு? சட்டம்னு சொல்லலாம். சட்டத்துக்கு முகம் இருக்கா, போய்ச் சட்டையைப் பிடிக்கிறதுக்கு? அந்த ஹெல்மெட்டுப் பெண் சட்டையைப் பிடிக்க முடியுமா? அவ நல்லதைச் சொல்லத்தானே வந்தா. அந்த நல்லதை ஒரு மாசம் முன்னாடி கொண்டுவந்தா என்ன கொள்ளை போச்சு?

ஓரகத்தி கேள்விப்பட்டு வந்து, "கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் அக்கா" என்றாள். மகளோ போனில், "இனிமே யாரும் அப்படி விழ மாட்டாங்கல்லம்மா" என்றாள். அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். மத்தவங்க விழாம இருக்கறதுக்கு எங்க வீட்டு ஆளுதான் கிடைச்சாரா?

அப்புறம் நானே கூப்பிட்டேன். தையல் மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 10, வெள்ளி

அந்த மரத்தை நான் வேற உரிச்சு வெச்சிருக்கேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

மேல்காற்று ஆரம்பித்துவிட்டது. அடுப்பைத் திறந்து விட்ட மாதிரி அடிக்கிறது. கொழுந்தன் பக்கம் மேற்கு வரப்பு மொட்டை, அவன் சோளம் மத்தியானத்துக்குள் இலை சுருண்டு வெங்காயத்தாள் மாதிரி நின்றது. எங்க பக்கம் சுருளவே இல்லைன்னு சொல்ல மாட்டேன், சுருண்டது, ஆனா வெயில் இறங்கினதும் விரிஞ்சுக்கிச்சு. அந்த வரிசை மரம் காற்றை வாங்கி வாங்கி மேலே தள்ளுகிறது. ரெண்டு பக்கமும் ஒரே விதை, ஒரே நாள் விதைச்சது.

அவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொல்லும்போது நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டு "ம்" போடுவேன். என்னவோ மரக் கிறுக்கு என்று விட்டுவிடுவேன். இப்போ கண்ணால் பார்க்கிறேன், சொல்ல ஆளில்லை. மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்லுவாங்களே. வெச்சவரே போயிட்டா அப்புறம் யாரு ஊத்தறது, அதையும் யாராவது சொல்லி வெச்சிருக்காங்களா?

ஆட்டுக்கு இன்னைக்கு மேற்கு வரிசையில் தொரட்டியால் இழுத்துக் கொஞ்சம் தழை போட்டேன். கீழே நின்றபடிதான். ஆடு என்னை மன்னிச்சமாதிரி தெரியுது.

ஏப்ரல் 22, புதன்

ஹெல்மெட்டு மேடம் மரம் எண்ண வந்தாள். இன்னைக்கும் ஹெல்மெட்டோடுதான். வெயிலுக்கு நல்லதாம். மேற்கு வரிசை எல்லாம் அளந்து எழுதிக்கொண்டாள். நான் நடு வரப்புக்குப் போகாமல் பேச்சை இழுத்துக்கொண்டே இருந்தேன். டீ குடிக்கறீங்களா, தண்ணி குடிக்கறீங்களா. அவள் நேராக வாகைக்குப் போய்விட்டாள்.

"இது என்னம்மா கட்டு?"

ஆடு கடிக்குதுன்னு சொல்லணும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "காயம்" என்று வந்துவிட்டது.

அவள் குந்தி உட்கார்ந்து சாக்கை அவிழ்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "ஊருக்கு ஊர் இந்தக் கட்டைப் பார்க்கிறேம்மா. எல்லா ஊர்லயும் ஆடு ஒரே உயரத்துல, ஒரே மாதிரி வட்டமாத்தான் கடிக்குது" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடறதுன்னு தெரியாமல் இருமினேன்.

பின்பக்கம் போய் அந்த ஒரு சாண் பட்டையைத் தடவிப் பார்த்தாள்.

"இதை விட்டு வெச்சீங்களா?"

"தெரியலை."

"இது வழியாத்தான் உயிர் போய்க்கிட்டு இருக்கு. வேரும் இலையும் பேசிக்கிறது இப்போ இந்த ஒரு வழியாத்தான். முன்பக்கக் கிளை காய்ஞ்சிடும். இந்தப் பக்கம் நிற்கலாம். உறுதி சொல்ல மாட்டேன்."

"அப்போ இது உயிரோட இருக்கா, இல்லையா?"

"பாதி இருக்கும்மா."

"பாதிக்கு என்ன எழுதுவீங்க?"

அவள் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பாதின்னு எழுத இதுல கட்டமே இல்லை. ஒண்ணுன்னு எழுதிக்கிறேன்" என்றாள். அப்புறம், "பக்கத்து நிலக்காரர் கையெழுத்து மட்டும் வாங்கி வைங்க. அது இல்லாட்டி இந்த மரம் பழைய சட்டத்துலயே நிற்கும்" என்றாள்.

மண்ணைக் குழைத்துப் புதுசாகக் காயத்துக்குப் பூசிக் காட்டினாள். நான் பூசினது மறைக்கிறதுக்கு. இவள் பூசினது வேற மாதிரி இருந்தது, ஓரமெல்லாம் மெதுவா அழுத்தி.

ஏப்ரல் 23, வியாழன்

கையெழுத்துக்குக் கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். பேப்பரைப் படித்தவன் முகம் மாறிவிட்டது.

"முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே அண்ணி."

"முழுசா முடியலை."

"அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? கும்பிடப் போறீங்களா?"

"தெரியலைடா."

"அது நிற்கிற வரைக்கும் நான் போட மாட்டேன்."

ஓரகத்தி உள்ளேயிருந்து, "அவங்க மரம், அவங்க என்னவோ பண்ணிக்கிறாங்க, உங்களுக்கு என்ன?" என்றாள். "நீ வாயை மூடு" என்றான். அவன் அவளை அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நேத்து வரைக்கும் அந்த மரம் ஒழிஞ்சா நல்லதுன்னு இருந்தவள்தான் நான். அவன் மாட்டேன் என்றதும் எனக்கு ஏன் வேணும்னு தோணுது? வீம்பா?

ஏப்ரல் 25, சனி

வீம்பு இல்லை. என்னன்னு தெரியலை, ஆனா வீம்பு இல்லை.

ஏப்ரல் 27, திங்கள்

இன்னைக்கே எழுதிடறேன்.

காலையில் கோடாலிச் சத்தம் கேட்டது. ஒரே ஒரு சத்தம். ஓடினேன். அவ்வளவு நாள் சுற்றிச் சுற்றிப் போனவள் இன்னைக்கு நேரே மரத்தடிக்கு ஓடினேன். கொழுந்தன் நின்றிருந்தான். மீந்த பட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு வெட்டு, உரிச்ச இடத்தில், உயிர் மேல் படவில்லை. கோடாலி மரத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை உருவவில்லை.

"வெட்டுடா. வந்ததுதான் வந்துட்டே, வெட்டு" என்றேன். என் வாய்தான் சொன்னது.

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அதுக்கப்புறம் சொன்னது இதுதான். அவன் சொன்னபடியே எழுதறேன், ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை.

"அண்ணன் கால் வழுக்கலை அண்ணி. ரோட்டுல வண்டிச் சத்தம் கேட்டுச்சு. பாரஸ்ட்காரர் வண்டின்னு நினைச்சேன். 'அண்ணா, வர்றாரு, குதி'ன்னு கத்தினேன். அவரு அரிவாளைப் போட்டுட்டு அப்படியே— வந்தது பால் வண்டி அண்ணி. பால் வண்டி."

குழந்தை மாதிரி அழுதான். நான் அவனைத் தொடவில்லை. நகரவும் இல்லை. பால் வண்டி, பால் வண்டின்னு எனக்குள்ளே ஓடிக்கிட்டே இருந்துச்சு. தினமும் வர்ற வண்டி. நானும் எங்க மாட்டுப் பாலை அதுலதான் ஊத்தறேன்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் எப்போ போனான்னு தெரியாது.

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்னைக்குப் பால் ஊத்தப் போகலை.

மே 2, சனி

குதின்னு சொன்னவன் அவன். குதிச்சவர் அவர். பயப்பட வெச்சது யாரு? வராத ஆளைப் பார்த்துப் பயந்து ஒரு மனுசன் செத்துப்போனா அதை எந்தக் கணக்குல வைக்கிறது? பாரஸ்ட்காரர் அன்னைக்கு இந்தப் பக்கமே வரலை. அவரும் யாரோ சொன்ன வேலையைச் செய்யற ஆளுதான். அவர் வீட்டுலயும் நாலு வயிறு இருக்கு.

கொழுந்தன் மேல கோபம் இருக்கு. நிறைய இருக்கு. ஆனா அந்த நேரத்தில் கீழே நான் நின்றிருந்தாலும் அதையேதான் கத்தியிருப்பேன். அப்போ கோபத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறது? தலையும் புரியலை, வாலும் புரியலை.

மகளிடம் சொல்லவில்லை. சித்தப்பான்னா அவளுக்கு உயிர்.

மே 8, வெள்ளி

முன்பக்கக் கிளை காய ஆரம்பித்துவிட்டது. மேடம் சொன்னபடியே. ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் பச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் ரெண்டு மரத்தை ஒட்டவெச்ச மாதிரி இருக்கு. பச்சைப் பக்கத்தின் நிழல் கொழுந்தன் நிலத்தில்தான் விழுது. அங்கே மட்டும் ஒரு வட்டத்துக்கு அவன் சோளம் சுருளாமல் நிற்குது. அவன் பார்த்திருப்பானா? பார்க்காமல் எப்படி இருப்பான்.

மே 12, செவ்வாய்

ஓரகத்தி வந்து கண்ணைக் கசக்கினாள். "அவரு சரியாச் சாப்பிட மாட்டேங்கறாரு அக்கா. என்ன நடந்துச்சுன்னு கேட்டா ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க. வரப்புச் சண்டைன்னு ஊர்ல பேசிக்கிறாங்க."

அவளுக்கும் தெரியாது. அவன் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறான். அதை நினைத்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பேப்பரை எடுத்துக்கொண்டு அவள் கூடவே போனேன். அவன் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அந்த அரை டிரவுசர்க்காரன் மாதிரியே நின்றான்.

"எனக்கு உன் மேல கோபம் இருக்கு" என்றேன்.

"ம்."

"எவ்வளவு நாளைக்குன்னு தெரியாது. ஒரு வருஷம் இருக்கலாம். சாகிற வரைக்கும் இருக்கலாம்."

"ம்."

"இதுல கையெழுத்தைப் போடு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "கோபத்தை வெச்சுக்கிட்டேவா அண்ணி?"

"கோபம் எனக்கும் உனக்கும். கையெழுத்து மரத்துக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே, ஏற்கெனவே குழம்பித்தான் இருக்கு."

ஓரகத்தி பேனாவைத் தேடி வீட்டையே புரட்டினாள். கடைசியில் அது அவள் கொண்டையிலேயே செருகியிருந்தது. யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் முதலில் சிரித்தாள்.

போட்டான்.

"அந்த மரத்தைப் பார்த்தா உனக்கு வலிக்காதா?" என்று வாசல் வரைக்கும் வந்தவனைக் கேட்டேன்.

"வலிக்கும். உங்களுக்கு?"

வலிக்கும். அது இல்லாட்டி வலிக்காதுன்னு நினைச்சேன். இப்போ அதுவும் உறுதியாத் தெரியலை.

மே 20, புதன்

பதிவு ஆகிவிட்டது. என் பேரில். என் பேரில் இதுவரைக்கும் எதுவும் இருந்ததில்லை. வரிசை மரம் எல்லாத்தையும் எழுதி, கடைசியில் 'வாகை, பெரியது, ஒன்று' என்று போட்டிருக்கு.

மேடத்துக்கு டீ கொடுத்தேன். பக்கிளைக் கழற்ற உதவினேன். முகம் இவ்வளவு சின்னதா இருக்கும்னு நினைக்கலை.

"காய்ந்த பக்கத்தைக் கழிச்சு விட்டுடுங்கம்மா. பெருங்காத்துல அது முறிஞ்சா மீதிப் பட்டையையும் கிழிச்சிட்டுப் போயிடும். பச்சைப் பக்கத்துலயும் கொஞ்சம் எடை குறைக்கணும், இல்லாட்டி மரம் ஒரு பக்கமாச் சாயும். ஏணி, கயிறு எல்லாம் கூட்டுறவுல இருக்கு, கேட்டா தருவாங்க" என்றாள். போகும்போது, "எப்போ வேணும்னாலும் வெட்டலாம்மா. உங்க மரம்" என்றாள்.

எப்போ வேணும்னாலும். அந்த வார்த்தையை நான் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன்னு எனக்கே தெரியாது.

களை எடுக்கப் போனேன். ஒரு கன்று தட்டுப்பட்டது. வாகையா வேறயா என்று பார்த்தேன். வாகைதான். கை தானாகப் போனது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

மே 31, ஞாயிறு

மகள் வந்திருக்கிறாள். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். "யாரும்மா இப்படி உரிச்சது?"

"நான்தான்."

அவள் பின்பக்கத்துப் பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மீதியை?" என்றாள்.

"அதையும் நான்தான் விட்டிருக்கேன் போல."

ஜூன் 6, சனி

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளை கழித்தோம். கொழுந்தன்தான் ஏறினான். வேற ஆள் வைக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஏணியைச் சாத்தி, இடுப்பில் கயிற்றைக் கட்டி, கயிற்றை ஒரு கிளை மேல் போட்டு மறுமுனையை என் கையில் கொடுத்தான். அவன் கொடுத்தபோது நாங்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை. ஓரகத்தி தழையைத் தனியாக, விறகைத் தனியாகப் பிரித்துப் போட்டாள். மகள் "சித்தப்பா, அந்தப் பக்கம், அந்தப் பக்கம்" என்று கீழே நின்று அதிகாரம் பண்ணினாள். "நீ வேணா ஏறி வாடி" என்றான் அவன் மேலேயிருந்து.

உச்சி வெயில். ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்கட்டும்.

பாதி வேலையில் வண்டிச் சத்தம் கேட்டது. கொழுந்தன் கை அப்படியே நின்றுவிட்டது. கயிறு வழியாக அவன் நடுக்கம் என் கைக்கு வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். பாரஸ்ட்காரரேதான். வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை போல, தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார்.

"வீட்டுல முயல் வளர்க்கிறோம்மா. தழை ஒரு கட்டு கிடைக்குமா?" என்றார்.

"அண்ணி, இறங்கட்டுமா?" என்று மேலேயிருந்து குரல்.

கயிற்றை இன்னும் ஒரு சுற்று கையில் சுற்றிக்கொண்டேன்.

"அவசரமே இல்லை. இருக்கிற கிளையை முடிச்சிட்டு, காலைப் பார்த்து வெச்சு, மெதுவா இறங்கு" என்றேன்.

அவன் வெட்ட ஆரம்பித்தான். பாரஸ்ட்காரர் பச்சைப் பக்கத்து நிழலில் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.